சேற்றில் இறங்கிய தேரும் டாங்கியும்

பழங்காலத் தேர்தான் அந்தக் காலத்து டாங்கி என்று ஒரு வாசகம் புழக்கத்தில் இருக்கிறது. போர் வரலாறு எழுதுகிறவர்கள் முதல் தொலைக்காட்சி ஆவணப்படக்காரர்கள் வரை அதைத் தொடாமல் யாரும் தாண்டிப் போவதில்லை. எனக்கு அந்த வாசகத்தோடு நெடுநாளாகச் சண்டை. ஒப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. ஒப்பிடுகிற இடத்தில்தான் கோளாறு. எதிரிமேல் பாயும்போது தேருக்கும் டாங்கிக்கும் ஒற்றுமை குறைவு. பாய முடியாமல் நிற்கும்போதுதான் இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரிகிறது.

தமிழர்களாகிய நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தேர் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது திருவாரூர் ஆழித்தேர். 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை, முட்டுக்கட்டை போடாமல் திருப்ப முடியாத பிரம்மாண்டம். ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கியின் புதிய வகைகூட 68 டன்தான். ஆழித்தேரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தேர் என்பது நகரும் கோட்டை; டாங்கியும் நகரும் கோட்டை; கணக்கு நேராகிவிடுகிறது.

போர்த்தேர் அப்படிப்பட்டதே இல்லை. எகிப்தியத் தேரின் எடை ஏறத்தாழ 30 கிலோ. 1922-இல் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தபோது உள்ளே ஆறு தேர்கள் கிடைத்தன. குறுகலான வழியில் நுழைப்பதற்காக அவற்றைப் பிரித்து, அச்சை அறுத்து வைத்திருந்தார்கள். நிற்கும் தளம் பலகையால் ஆனதல்ல. தோல்வாரால் பின்னிய வலை. ஓடும்போது வரும் அதிர்ச்சியை அந்தப் பின்னல் வாங்கிக்கொள்ளும். சக்கரத்தில் ஆறு ஆரக்கால்கள். மரத்தை வளைத்து, ஒன்றோடு ஒன்று முதுகு சேர்த்து ஒட்டி, ஈரத்தோலால் இறுக்கிக் கட்டிய வேலை. தோல் காயக் காயக் கட்டு இறுகும். மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அச்சை நடுவில் வைக்காமல் தளத்தின் பின்விளிம்புக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். வேகமாகத் திரும்பும்போது குடைசாயாமல் இருக்க.

கவசம் என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. குதிரைக்குக் கொஞ்சம் துணி அல்லது செதில் போர்வை, ஆளுக்குக் கேடயம், அவ்வளவுதான். ஈட்டிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் மனிதச் சுவரின்மேல் குதிரை தானாகப் போய் விழாது. எகிப்தியத் தேர் எதிரியை நெருங்கி, அம்பு பொழிந்து, வளைந்து விலகி, மீண்டும் வரும் வண்டி. ஓடத் தொடங்கிவிட்ட படையைத் துரத்திக் கொல்வதில் அதற்கு நிகரில்லை. ஓடாமல் நிற்கிற படையை உடைப்பது அதன் வேலை அல்ல.

மோதி உடைக்கவென்றே தேர் செய்து பார்த்தவர்களும் உண்டு. பாரசீகர்கள் சக்கரத்திலும் நுகத்திலும் அரிவாள் பொருத்தினார்கள். கி.மு. 331-இல் கௌகமேலாவில் மூன்றாம் தாரியஸ் 200 அரிவாள் தேர்களை இறக்கினான். அவை தடையில்லாமல் ஓடுவதற்காகப் போர்க்களத்தை முன்கூட்டியே சமன்படுத்தியும் வைத்தான். அலெக்சாந்தரின் ஆட்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. எறியீட்டிக்காரர்கள் முதலில் குதிரைகளையும் ஓட்டுநர்களையும் வீழ்த்தினார்கள். தப்பி வந்த தேர்களுக்குக் காலாட்படை வழிவிட்டு ஒதுங்கி நின்றது. வரிசைக்குள் புகுந்து பின்பக்கம் போய்ச் சேர்ந்தவற்றைக் குதிரை பராமரிக்கும் ஆட்களும் காவல் வீரர்களும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

1941 ஏப்ரலில் லிபியாவின் டோப்ரூக் கோட்டையை ஜெர்மன் தளபதி ரோமலின் டாங்கிகள் தாக்கியபோது நடந்தது ஏறக்குறைய இதேதான். முன்வரிசையில் இருந்த ஆஸ்திரேலியக் காலாட்படையினர் குழிக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டு டாங்கிகளைப் போகவிட்டார்கள். டாங்கிகளுக்குப் பின்னால் வந்த ஜெர்மன் காலாட்படையை மட்டும் விடாமல் மறித்தார்கள். உள்ளே புகுந்த டாங்கிகள் பீரங்கிகளின் நேர்முகத்தில் தனியாகப் போய் மாட்டிக்கொண்டன. நமக்கு இது தெரியாத கதையா? சக்கர வியூகத்தை உடைத்து அபிமன்யு உள்ளே போகிறான். பின்தொடர வேண்டிய பாண்டவர்களை ஜயத்ரதன் வாயிலிலேயே நிறுத்திவிடுகிறான். அபிமன்யுவின் வீரத்தைப் பாடுகிறவர்கள் அதிகம். வாயிலை அடைத்தவனின் போர்த்திறனை யாரும் பேசுவதில்லை. டாங்கிப் படைக்குப் பயிற்சி தருகிறவர் யாராவது என்னிடம் கேட்டால், பாடம் ஜயத்ரதனிடம்தான் இருக்கிறது என்பேன்.

தேர்ப்போர்களிலேயே அதிகம் பதிவானது காதேஷ். கி.மு. 1274 வாக்கில், இன்றைய சிரியாவில், ஒரோன்டஸ் ஆற்றங்கரையில், எகிப்தின் இரண்டாம் ராம்சேஸுக்கும், இன்றைய துருக்கியில் அரசாண்ட ஹிட்டைட்டுகளின் மன்னன் முவத்தல்லிக்கும் நடந்தது. எகிப்தியப் படை நான்கு பிரிவாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று வெகுதூரம் விட்டு நடந்துகொண்டிருந்தது. வழியில் பிடிபட்ட இரண்டு நாடோடிகள், ஹிட்டைட் படை வடக்கே அலெப்போவில் இருப்பதாகச் சொல்ல, ராம்சேஸ் நம்பிவிட்டான். உண்மையில் அந்தப் படை காதேஷ் நகரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. மன்னன் முகாம் போட்டு அமர்ந்த பிறகுதான் ஹிட்டைட் ஒற்றர்கள் இருவர் சிக்கினார்கள். அவர்களைத் தடியால் அடித்து உண்மையை வாங்கும் காட்சியைக்கூட எகிப்தியர்கள் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. நடந்து வந்துகொண்டிருந்த இரண்டாவது பிரிவின் பக்கவாட்டில் ஹிட்டைட் தேர்கள் பாய்ந்து அதைச் சிதறடித்தன. பிறகு அப்படியே முகாமுக்குள் புகுந்தன. எகிப்தியக் கல்வெட்டின் கணக்கில் 2,500 தேர்கள். தோற்றுப்போகவிருந்தவன் சொன்ன எண்ணிக்கை என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

முகாமுக்குள் புகுந்தவர்கள் கொள்ளையில் இறங்கினார்கள். தேர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது படை. நின்றுவிட்டால் வெறும் வண்டியும் இரண்டு குதிரையும். ராம்சேஸ் எஞ்சிய தேர்களைத் திரட்டித் திருப்பி அடித்தான். கடற்கரைப் பக்கமாக வேறு வழியில் வந்த இன்னொரு எகிப்தியப் படையும் சரியான நேரத்தில் வந்து சேர, போர் யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்தது. ஊருக்குத் திரும்பிய ராம்சேஸ் லக்சர், அபு சிம்பெல் என்று கண்ட சுவரிலெல்லாம் தன் வெற்றியைச் செதுக்கி வைத்தது தனிக்கதை.

அந்தச் சிற்பங்களில் என்னை நிறுத்தி வைப்பது ஒரு சிறு விவரம். ராம்சேஸ் தேரில் தனியாக நிற்கிறான். கடிவாள வார்கள் அவன் இடுப்பில் சுற்றிக் கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு கையாலும் வில்லை இழுக்கிறான். பாகன் இல்லை, கேடயம் பிடிக்க ஆள் இல்லை. மன்னனின் பெருமைக்காகச் சிற்பி செய்த வேலை இது. நிஜத்தில் பாய்ந்தோடும் இரண்டு குதிரைகளை இடுப்பால் ஓட்டிக்கொண்டே குறிபார்ப்பதை நம்புவது கடினம். எகிப்தியத் தேரில் இரண்டு பேர்: ஒருவன் ஓட்டுவான், கேடயமும் பிடிப்பான், மற்றவன் எய்வான். ஹிட்டைட் தேரில் மூன்று பேர்: ஓட்ட ஒருவன், கேடயத்துக்கு ஒருவன், ஈட்டிக்கு ஒருவன். ஆள் கூடினால் பாதுகாப்பு கூடும், எடையும் கூடும், திரும்பும் வேகம் குறையும். எத்தனை பேர், யாருக்கு எந்த வேலை என்ற இந்தக் கணக்கை டாங்கி வடிவமைப்பாளர்கள் இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அர்ஜுனில் நான்கு பேர். ரஷ்ய டி-90இல் பீரங்கிக்குள் குண்டு நிரப்பும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டதால் மூன்று பேர்.

இடுப்பில் கடிவாளம் கட்டிய ராம்சேஸை நிஜத்திலேயே செய்து பார்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1940-இல் அவர்களிடம் இருந்த ஷார் பி-1 டாங்கி, கவசத்தின் கனத்தில் ஜெர்மன் டாங்கிகளைவிட மேலானது. ஆனால் அதன் டரட், அதாவது பீரங்கியோடு சுழலும் தலைப்பகுதி, ஒரே ஒருவருக்கானது. தளபதியே எதிரியைத் தேட வேண்டும், குண்டு நிரப்ப வேண்டும், குறிபார்த்துச் சுட வேண்டும், டாங்கியையும் நடத்த வேண்டும். முன்பக்கத்தில் இருந்த பெரிய பீரங்கியைக் குறிவைப்பது ஓட்டுநரின் பொறுப்பு. ஜெர்மானியரின் மூன்றாம் வகைப் பான்சரில் டரட்டுக்குள் மூன்று பேர். தளபதிக்குப் பார்ப்பதும் முடிவெடுப்பதும் மட்டுமே வேலை. மற்ற டாங்கிகளோடு பேச ரேடியோ. அந்தக் கோடையில் பிரான்ஸ் வீழ்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் அந்த ஒற்றை ஆள் டரட்டை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

ராம்சேஸின் புலவருக்கும் உண்மை தெரியும். காதேஷ் பற்றிய கவிதை மென்னா என்ற கேடயக்காரனை மன்னனுடன் நிறுத்துகிறது. எதிரித் தேர்கள் சூழ்ந்ததைப் பார்த்து மென்னா நடுங்கிப்போகிறான். போர் முடிந்ததும் தன்னைக் கைவிட்டு ஓடிய படையினரை ராம்சேஸ் வைது தீர்க்கிறான். தன்னைக் காப்பாற்றிய இரண்டு குதிரைகளுக்கு இனித் தன் முன்னிலையில் தீனி வைப்பேன் என்று சபதம் செய்கிறான். குதிரைகளின் பெயர்கள்கூடக் கவிதையில் இருக்கின்றன: ஒன்று ‘தீபஸின் வெற்றி’, மற்றது ‘முத் தேவி மகிழ்ந்தாள்’. 1971 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தானுடனான பசந்தர் போரில் வீரமரணம் அடைந்த இந்திய அதிகாரி அருண் கேத்தர்பாலின் சென்சூரியன் டாங்கிக்கும் ‘ஃபமகுஸ்தா’ என்று பெயர் இருந்தது. தீப்பற்றிய டாங்கியை விட்டு வெளியேறுமாறு ரேடியோவில் உத்தரவு வந்தும், பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று பதில் சொல்லிச் சண்டையைத் தொடர்ந்தவர் அவர். அப்போது அவருக்கு வயது 21.

வண்டிக்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை என்றால் வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. மகாபாரதம் இதை இரண்டு தேர்களை எதிரெதிரே நிறுத்திச் சொல்கிறது. ஒன்றில் அர்ஜுனனும் கண்ணனும். மற்றதில் கர்ணனும் சல்லியனும். கர்ணனின் மனத்திடத்தைக் குலைப்பதாகத் தருமனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் சல்லியன் கடிவாளத்தைப் பிடிக்கிறான். வழிநெடுகக் கர்ணனை இழித்துப் பேசிக்கொண்டே வருகிறான். சங்க அகப்பாடல்களில் போர் முடித்துத் திரும்பும் தலைவன் மனம்விட்டுப் பேசுவது தேர்ப்பாகனிடம்தான். அந்த நெருக்கம் இல்லாத தேரில் கர்ணன் சாகப் போகிறான். சக்கரம் புதைந்தது கடைசியாக நடந்த விபத்து மட்டுமே.

சக்கரம் புதைவது என்றதும் என் எண்ணம் பஞ்சாபுக்குப் போய்விடுகிறது. கி.மு. 326-இல் அலெக்சாந்தர் ஜீலம் ஆற்றை இரவோடு இரவாக, கொட்டும் மழையில் கடந்தான். செய்தி கேட்டு அந்தப் பகுதி மன்னன் போரஸ் தன் மகனை 2,000 குதிரைவீரர்களோடும் 120 தேர்களோடும் முன்னே அனுப்பினான். இந்தியத் தேர்கள் எகிப்தியத் தேரைப் போல இலேசானவை அல்ல. ரோமானிய ஆசிரியர் கர்ட்டியஸ் ஒரு தேரில் ஆறு பேர் இருந்ததாகச் சொல்கிறார்: கேடயத்துக்கு இருவர், வில்லுக்கு இருவர், ஓட்டுவதற்கு இருவர். இரவு முழுக்கப் பெய்த மழையில் மண் குழைந்து கிடந்தது. தேர்கள் சேற்றில் சிக்கின; எடையே அவற்றுக்கு எமனாயிற்று. இளவரசன் மாண்டான். தேர்கள் மொத்தமாக அலெக்சாந்தர் கைக்குப் போயின.

ஏறக்குறைய 2,300 ஆண்டுகள் கழித்து, 1965 செப்டம்பரில், அதே பஞ்சாப் சமவெளியில் கேம்கரண் அருகே உள்ள அசல் உத்தர் கிராமத்தை நோக்கிப் பாகிஸ்தானின் முதலாம் கவசப் படைப்பிரிவு வந்தது. அவர்களிடம் அமெரிக்காவின் பேட்டன் டாங்கிகள்; அன்றைய நிலையில் இந்தியாவிடம் இருந்த ஷெர்மன்களைவிட எல்லா வகையிலும் மேலானவை. இந்தியாவின் 4-ஆவது மலைப்படைப் பிரிவு பின்வாங்கி, குதிரை லாட வடிவில் நிலையெடுத்தது. சென்சூரியன்களும் ஷெர்மன்களும் ஆளுயரக் கரும்புக்கு நடுவே பதுங்கின. கால்வாய்க் கரையை உடைத்து வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். டாங்கிப் படையை நடத்தியவர் பிரிகேடியர் தியோகராஜ்.

டாங்கிக்குள் இருப்பவர் உலகத்தைப் பார்ப்பது பெரிஸ்கோப் வழியே. கரும்புக்காட்டில் அந்தக் கண்ணாடியில் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. செப்டம்பர் 8 முதல் 10 வரை பேட்டன்கள் அந்த லாடத்துக்குள் மீண்டும் மீண்டும் நுழைந்தன. சில சேற்றில் நின்றன. சில சேற்றைத் தவிர்க்கத் திரும்பியபோது பக்கவாட்டைக் காட்டின. டாங்கியின் கனத்த கவசம் நெற்றியில்தான், விலாவில் மெல்லியது. ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பின்னுதைப்பில்லாப் பீரங்கியோடு பயிருக்குள் மறைந்திருந்து பல டாங்கிகளை அடித்தார். 10-ஆம் தேதி வீழ்ந்தார். பரம் வீர் சக்ரா பெற்றார். பாகிஸ்தான் இழந்தது 97 டாங்கிகள் என்பது இந்தியத் தரப்பின் கணக்கு. பல பேட்டன்கள் சேதமே இல்லாமல் கைவிடப்பட்டுக் கிடந்தன. அவற்றை அருகிலுள்ள பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தி வைத்து அந்த இடத்துக்குப் பேட்டன் நகர் என்றே பெயரிட்டார்கள். ஒரு பெரிய வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும்: போரஸுக்கு எதிராக மழை பெய்தது, அசல் உத்தரில் மழையை மனிதர்கள் உண்டாக்கினார்கள்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் எனக்கு உண்டு. டாங்கியைப் பற்றிக் கேட்டால் அவர் பீரங்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சங்கிலிப் பட்டை, அதன் ஊசி, சாலைச் சக்கரத்தில் உரியும் ரப்பர், கியர் பெட்டி, வடிகட்டியில் அடைக்கும் தூசி என்றுதான் பேச்சு போகும். “சுடுவது இரண்டு நிமிடம், மாப்பிள்ளை. சுடுகிற இடம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் இத்தனை பேர் சம்பளம் வாங்கினோம்” என்பார். டாங்கி தூரம் போக வேண்டுமென்றால் தன் காலால் போவதில்லை. ரயிலிலோ நீண்ட டிரெய்லர் லாரியிலோ ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். ஓடினால் பட்டை தேயும், எஞ்சின் ஆயுள் குறையும்.

கிரேக்கத்தின் வெண்கலக் காலக் கணக்கர்கள் என் மாமாவோடு உட்கார்ந்து பேசியிருந்தால் பொழுது போனதே தெரிந்திருக்காது. கிரீட் தீவின் நாசோஸ், கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனைகளில் கிடைத்த களிமண் ஏடுகளில் தேர்க் கணக்குகள் இருக்கின்றன. நாசோஸில் தேரின் உடல் ஒரு பக்கம், சக்கரங்கள் தனியாக இன்னொரு பக்கம். சக்கரத்தை மாட்டியே வைத்திருந்தால் பாரத்தில் வட்டம் கோணிவிடும் என்பதால் கழற்றித்தான் வைப்பார்கள். பைலோஸ் கணக்கர் சக்கரங்களை இணை இணையாக எண்ணி, இவை பழையவை, இவை உதவாதவை என்று பிரித்துக் குறித்திருக்கிறார். குதிரைப் பராமரிப்புக்கோ இதைவிடப் பெரிய ஏற்பாடு. மித்தானி நாட்டுக் கிக்குலி என்ற பயிற்சியாளர், தேர்க்குதிரையை மாதக்கணக்கில் எப்படிப் பழக்குவது என்று நாள்வாரியாகச் சொன்னது ஹிட்டைட் தலைநகர் ஹத்துஷாவில் கிடைத்திருக்கிறது: எவ்வளவு தூரம் ஓட்டம், எப்போது தண்ணீர், எவ்வளவு தீனி, எப்போது குளிப்பாட்டல்.

எகிப்தியப் பாப்பிரஸ் ஏடு ஒன்று, ஓர் எழுத்தர் சக எழுத்தரைக் கேலி செய்யும் கடிதம். தேரில் போகும் தூதனின் அவதி அதில் அங்குலம் அங்குலமாக வருகிறது. கல்லும் முள்ளும் நிறைந்த கணவாய். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மலை. குதிரை மிரள்கிறது, நுகம் பிய்கிறது. ஒருவழியாக யாப்பா நகரத்துப் பட்டறைக்கு வந்து சேர்ந்த பிறகு தச்சரும் தோல் வேலைக்காரரும் சூழ்ந்துகொண்டு வண்டியைச் சரிசெய்து தருகிறார்கள். பேரரசுகள் தேர்ப்படை வைத்திருந்தன என்றால் வழிநெடுக இப்படிப்பட்ட பட்டறைகளும் வைத்திருந்தன என்று பொருள். சிற்றரசர்களுக்கு அது கட்டுப்படியாகாது. இன்றும் டாங்கி வாங்குகிற நாடுகள் பல. பழுதடைந்த டாங்கியைப் போர்க்களத்திலிருந்து இழுத்து வந்து மறுவாரமே திருப்பி அனுப்பக்கூடிய நாடுகள் சில.

காலாட்படையின் துணை பற்றியும் சொல்ல வேண்டும். மேலே டோப்ரூக்கில் பாதி சொல்லிவிட்டதால் சுருக்கமாக. எகிப்தியத் தேர்களோடு கூடவே ஓடும் வீரர்கள் இருந்தார்கள். அர்ஜுனனின் தேர்ச்சக்கரங்களைக் காக்க யுதாமன்யு, உத்தமௌஜா என்று இருவர். 1967-இல் அரபு நாடுகளை வென்ற மயக்கத்தில் இஸ்ரேலியர்கள் இந்தத் துணையைக் கழற்றிவிட்டார்கள். 1973 அக்டோபர் 8 அன்று சூயஸ் கால்வாயின் ஃபிர்தான் பகுதியில் போதிய காலாட்படையும் பீரங்கி ஆதரவும் இல்லாமல் டாங்கிகளை அனுப்பினார்கள். மணலில் பதுங்கியிருந்த எகிப்தியக் காலாட்படை சாகர் ஏவுகணையாலும் தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜியாலும் அவற்றைப் பொறுக்கி எடுத்தது. டாங்கிக் காலம் முடிந்தது என்று அன்றே பலர் எழுதினார்கள். முடியவில்லை.

இப்போது உக்ரைனில் சில நூறு டாலர் டிரோன் பல லட்சம் டாலர் டாங்கியை எரிப்பதைப் பார்த்து அதே வாக்கியத்தை மீண்டும் எழுதுகிறார்கள். என் கருத்து வேறு. தேரைக் கொல்லும் ஆயுதம் தேர் இருந்த காலம் முழுவதும் இருந்தது. ஓர் எறியீட்டி போதும். தேர் பின்வாங்கியது அதன் வேலையைச் செய்ய வேறொன்று வந்த பிறகு. கி.மு. 9-ஆம் நூற்றாண்டு அசீரியச் சிற்பங்களில் அந்த மாற்றத்தை நேரில் பார்க்கலாம். இரண்டு குதிரைவீரர்கள் அருகருகே போகிறார்கள். ஒருவன் வில்லை இழுக்கிறான். மற்றவன் தன் குதிரையோடு அவன் குதிரையின் கடிவாளத்தையும் பிடித்திருக்கிறான். அதே பாகன், அதே வில்லாளி. நடுவிலிருந்த வண்டி மட்டும் இல்லை. குண்டு மழைக்கு நடுவே போய் நின்று, பார்த்த இலக்கை அந்த நொடியிலேயே சுட்டு, கூட வரும் காலாட்படைக்கு மறைப்பாகவும் இருப்பது டாங்கியின் வேலை. டிரோன் டாங்கியை அழிக்கிறது. இந்த வேலையை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

அசீரியர்களும் தேரை உடனே விட்டுவிடவில்லை. குதிரைப்படை வளர வளரத் தேரைக் கனமாக்கிக்கொண்டே போனார்கள். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அது நான்கு குதிரை பூட்டி, நான்கு பேர் ஏறும் பெரிய வண்டியாகிவிட்டது. 1916-இல் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கிய பிரிட்டிஷ் டாங்கி 28 டன். இன்றைய மேற்கத்திய டாங்கிகள் 60 டன்னைத் தாண்டிவிட்டன. உக்ரைனில் அவற்றுக்கு மேலே இரும்புக் கூண்டும் சேர்ந்துகொண்டது. 2023 செப்டம்பரில் அமெரிக்க ராணுவம் ஏப்ராம்ஸ் டாங்கிக்குத் திட்டமிட்டிருந்த அடுத்த மேம்பாட்டை ரத்து செய்துவிட்டு, எடை குறைந்த புதிய வகை ஒன்றைச் செய்யப்போவதாக அறிவித்தது. இன்னும் கனமாக்கினால் பாலங்கள் தாங்காது, இழுத்து மீட்கும் வண்டிகளும் திணறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.